ஒரு லிட்டர் அண்ணன்

பெரியகல்லாற்றில் அந்த வீட்டுப் படலைக் கதவை விட்டு இருபது அடி நடந்த பிறகுதான், குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் நின்றுகொண்டிருந்த இடத்தில் சுதனின் மனைவி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நாட்டுக்கு நாடு விருந்தினரை வழியனுப்பும் முறை வேறுபடும். வேலைக்குப் போன மலேசியாவில் என்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். இங்கே மஞ்சள் தண்ணீர். இதுதான் மரியாதை.

குற்றம் என்னுடையது அல்ல, என் தோள்பையில் இருந்தவருடையது. பைக்குள் ஒரு லிட்டர் பெயிண்ட் டப்பா. டப்பாவுக்குள் கனகசபை அண்ணன்.

கனகு அண்ணன் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்து வாவிக்கரைக்காரர். யுத்தக் காலத்தில் படகில் வந்து, எங்கள் ஊர் அகதி முகாமில் முப்பத்தைந்து வருடம் இருந்தார். நானும் அவரும் ஒரே ஏணியில் பெயிண்ட் வேலை செய்தோம். அவர் மேலே, நான் கீழே ஏணியைப் பிடித்தபடி. மாசி மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தன்னை ஊர் மண்ணில் போட வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். ஊர் மண் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் நகராட்சியின் மின்சாரத் தகன மேடை முந்திக்கொண்டது. எலும்பும் சாம்பலுமாகக் கொடுத்ததில் பாதியைக் கடலில் கரைத்தோம். மீதியை எதில் வைப்பது என்று தேடியபோது எங்கள் தொழிலுக்குக் கைவசம் இருந்த ஒரே பாத்திரம் கிடைத்தது. மூடி இறுக்கமானது. வெளியே 'வெயில் மழை தாங்கும், ஏழு வருட உத்தரவாதம்' என்று அச்சடித்திருந்தது. ஆன்மாவுக்கு வேறு எந்தக் கம்பெனியும் இப்படி எழுதிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் கூட்டத்தில் பாஸ்போர்ட் இருந்தது என்னிடம் மட்டும்தான். விமான நிலையத்தில் அதிகாரி டப்பாவைத் தூக்கி, பெயிண்ட் விமானத்தில் ஏறக் கூடாது என்றார். பெயிண்ட் இல்லை சார், ஆள் என்றேன். அதன் பிறகு அவர் அதைத் தொடவில்லை. பாதுகாப்புச் சோதனையை இவ்வளவு சீக்கிரம் தாண்டிய பயணி அன்று வேறு யாரும் இல்லை.

சுதன், கனகு அண்ணனுடைய தங்கை மகன். ஓட்டோ ஓட்டுகிறவன். படலைக்கு வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று பேசினான்.

"கோவிக்காதீங்க அண்ணன். இது என்ட வீடில்ல, பொஞ்சாதிட வீடு. உள்ளுக்குக் கொண்டுவர ஏலா."

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை உடுப்போடு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். பிறகு அவன் மாமா சாம்பலாக வந்தாலும் சரி, முழுதாக வந்தாலும் சரி, வாசலில் நிறுத்தித்தான் அனுமதி கேட்க வேண்டும்.

"அப்ப உங்க அம்மாகிட்டயே கொடுத்துடறேன்," என்றேன்.

"ஐயோ, அம்மாக்கு இன்னும் தெரியா."

"செத்து மூணு மாசமாச்சே. உனக்கு அன்னைக்கே போன் பண்ணினேனே."

"எனக்குத் தெரியும். தாய்மாமன்தானே, மூணு நாளோட என்ட துடக்குக் கழிஞ்சுபோச்சு. அம்மாக்கு அப்பிடியில்ல, கூடப்பிறந்தவங்க. காதுல விழுந்தா முப்பத்தொரு நாள் துடக்கு. இந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல தீமிதிப்பு. கையில காப்புக் கட்டியாச்சு. இப்ப போய்ச் சொன்னா தீக்குள்ள இறங்க விடமாட்டாங்க."

"செத்தது மாசியில..."

"செத்த நாள் கணக்கில்ல அண்ணன். கேட்ட நாள்தான் கணக்கு. கேக்காத ஆளுக்குத் துடக்கு இல்ல."

எங்கள் ஊர்த் தீட்டுக்கு இங்கே பெயர் துடக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் இவ்வளவு வசதியான சட்டத்தை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை என்பது தெரியும்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சுதன் குரலைத் தாழ்த்தி மீதியையும் சொன்னான். அவனுடைய அம்மா தீ மிதிப்பதே அண்ணனுக்காகத்தான். அவர் ஊர் வந்து சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அவர் படகேறிய வருடத்திலிருந்து ஒரு வருடம் விடாமல் மிதிக்கிறார். இந்த வருடம் தடைப்பட்டால், அத்தனை வருடமும் மிதித்தது வீண் என்று உடைந்துபோவார். வெள்ளி வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு சொல் தவறி விழக் கூடாது.

"நீங்க அம்மாட்டப் போய்த் தங்கி நில்லுங்க. சிநேகிதன் எண்டு சொல்லிவைக்கிறன். காப்பு அவிழ்க்கிற அண்டைக்கு நான் வந்து பக்குவமாச் சொல்லுறன்."

"அவங்களுக்கு ஒரு சந்தேகமும் வரலையா?"

"சே. முந்தி ஞாயித்துக்கிழமை எண்டா, மாமாக்குப் போன் எடுத்துத் தா எண்டு உயிரை வாங்குவாங்க. மாமாட போன் பழுதாம் எண்டு ஒருக்காச் சொன்னன். இப்ப ரெண்டு மாசத்துக்கு மேல, கேக்கிறதேயில்ல."

காரியம் சாதித்தவனின் பெருமையோடு சொன்னான்.

அம்மாவின் வீடு வடக்கே பனிச்சங்கேணியில். மாவட்டத்தின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குப் போக வேண்டும். கொழும்பு போகும் பஸ் ஒன்றில் ஏறினேன். பையை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகிறது, தரையில் வைக்க மனம் வரவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்தேன். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஜன்னலோரம் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "பையை மேல வைக்கட்டாம், இல்லாட்டி அதுக்கும் டிக்கெட் எடுக்கட்டாம்." மேல் தட்டில் இரண்டு பலாப்பழமும், கால் கட்டிய ஒரு சேவலும் இருந்தன. டிக்கெட்டே எடுத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஊரைவிட்டுக் கள்ளத்தனமாகப் போன மனிதர், முழு டிக்கெட்டில், உட்கார்ந்து திரும்பி வந்தார்.

மொழிபெயர்த்தவர் ஓய்வு பெற்ற பிறப்பு இறப்புப் பதிவாளர். இரண்டையும் எழுதி முடித்த மனிதர் நடுவில் உள்ளதைப் பற்றிப் பேச ஆசைப்படுவது இயல்பு. உடம்பு ஐந்து சாமானால் ஆனது என்று விரலை மடக்கி எண்ணினார். எலும்பும் சதையும் மண். இரத்தம் தண்ணீர். பசி நெருப்பு. மூச்சு காற்று. உள்ளே இருக்கும் வெறுமை ஆகாயம். செத்தால் ஐந்தும் அதனதன் இடத்துக்குப் போய்விடும். உயிருக்கு எந்தச் சேதமும் இல்லை. ஐந்து கொத்தனார்கள் சேர்ந்து கட்டும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து சாப்பிடாததால் நெருப்பும் ஆகாயமும் என்னிடம் தேவைக்கு மேல் இருந்தன.

"செத்த உடம்புல பயப்பிட ஒண்டுமில்ல தம்பி. எல்லாம் பஞ்சபூதம்," என்று முடித்தவர், "பையில என்ன, விழுந்திடாமப் பிடிச்சுக்கொண்டே வாறீங்க?" என்றார்.

சொன்னேன்.

காத்தான்குடி வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். இறங்கும் இடமோ என்று நினைத்தேன். இல்லை. மட்டக்களப்பு நகரம் வரை கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். காலியான இருக்கையில் இன்னொரு பலாப்பழம் வந்து உட்கார்ந்தது.

ஏறாவூர் தாண்டியதும் பஸ்ஸின் பெல்ட் அறுந்தது. டிரைவரும் கண்டக்டரும் இன்ஜினுக்குள் தலையை விட்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஓட்டமாவடியில் இறங்கியபோது வாகரைப் பக்கம் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. வெயில் இன்னும் சாயவில்லை, பஸ் மட்டும் சாய்ந்துவிட்டது. சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில் கொத்து ரொட்டி தின்றேன். எங்கள் ஊர்க் கொத்துப் பரோட்டாவுக்குத் தம்பி முறை வேண்டும்; ஆனால் காரத்தில் அண்ணன். பின்னால் இருக்கும் பெஞ்சில் படுக்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். மஞ்சள் தண்ணீர் அனுபவம் இருந்ததால் பையில் இருப்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடைக்காரரை எல்லோரும் நானா என்றார்கள். அவர் தேநீரை ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"எப்ப மௌத்தானாரு?"

"மூணு மாசம்."

"எங்கட ஆக்கள் காலையில மௌத்தானா பின்னேரத்துக்குள்ள அடக்கிருவம். உங்கட ஆக்கள் மனிசன மூணு மாசமா ஊர் சுத்திக் காட்டுறீங்க."

"பாதி ஊர்லயே கரைச்சிட்டோம் நானா."

"அப்ப அரைவாசிக்குத்தான் டூர்." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானா கையைத் துடைத்துக்கொண்டு பையை வாங்கி, மாவு மூட்டைகளுக்கு மேலே பலகைத் தட்டில் வைத்தார். "கிடக்கட்டும். நம்மட வாவிக்கரை மனிசன்தானே."

தரை இறங்கியதிலிருந்து அண்ணனை உள்ளே எடுத்த முதல் கூரை அது.

காலையில் கதிரவெளிக்கு மீன் ஏற்றப் போகும் லொறி ஒன்றில் நானா என்னை ஏற்றிவிட்டார். முன்னால் இடமில்லை. பின்னால் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து போனேன். அண்ணனுக்கு நெருப்புக்குப் பிறகு இப்போது குளிரும் பழகியது. பனிச்சங்கேணிப் பாலத்தில் இறங்கியபோது என் கால்சட்டையின் பின்புறம் நனைந்து, சூரை மீன் வாசம் அடித்தது. விரதம் இருக்கும் வீட்டுக்குப் போகச் சரியான கோலம்.

சுதனின் அம்மா நல்லம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய மெலிந்த உடம்பு, மஞ்சள் சேலை, வலது மணிக்கட்டில் காப்புக்கயிறு. அண்ணனின் அதே நெற்றி. என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார்.

"கனகண்ணன்ட சிநேகிதனா? சுதன் சொன்னவன். வா தம்பி. அந்தப் பையை நிலத்துல வைக்காத. உள்ளுக்கும் வேணாம். அந்தா, பூவரசு மரத்துல கொழுவு. எறும்பு."

பெயிண்ட் டப்பாவுக்கு எறும்பு வராது என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் என்ன டப்பா என்று கேட்பார். ஏழடி உயரக் கிளை ஒன்றில் மாட்டினேன்.

இந்த ஊரார் வாவியை ஆறு என்றுதான் சொல்கிறார்கள். அதில் இறாலும் நண்டும் துள்ளுவதை அண்ணன் இருபது வருடமாக ஏணியின் உச்சியிலிருந்து எனக்கு வர்ணித்திருக்கிறார். நான் வந்து சேர்ந்த வாரம் ஊர் முழுக்கச் சடங்கு. திருவிழாவை இங்கே சடங்கு என்பார்கள். மீன்சட்டிகளைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள். தோணிகள் கரையில் ஓய்வெடுத்தன. எனக்குக் கிடைத்தது பருப்பு, பூசணிக்காய், மறுநாள் பூசணிக்காய், பருப்பு. எருமைத் தயிர் மட்டும் இல்லாவிட்டால் அன்றே லொறியைத் தேடிப் போயிருப்பேன்.

சுதன் எனக்குப் பொய்கள் தயார் செய்து கொடுத்திருந்தான். அண்ணன் நலம், போன் பழுது, விசா கிடைக்கவில்லை. ஒன்றையும் பயன்படுத்த வாய்க்கவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று நல்லம்மா அக்கா கேட்கவே இல்லை. வேறு ஏதேதோ கேட்டார்.

"அங்க என்ன வேலை செய்தவன்?"

"பெயிண்ட் வேலை அக்கா. பெரிய பெரிய கட்டடம்."

"உயரத்துக்கெல்லாம் ஏறுவானா? சின்னதுல தென்னங்கண்டுல ஏறவும் பயம் அவனுக்கு."

"இப்ப நல்லா ஏறுவார் அக்கா," என்றேன். அப்போது அவர் பூவரசில் ஏழடி உயரத்தில் இருந்தார்.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்துப் போய் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். காகத்துக்கு என்றார். எங்கள் ஊரிலும் காகத்துக்கு வைப்பார்கள். ஆனால் காலை, மத்தியானம், பின்னேரம் என்று மருந்து கொடுப்பதுபோல வைக்கமாட்டார்கள். அவ்வளவு தாகமான காகம் எதையும் நான் அங்கே பார்க்கவில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். ஆண்கள் தீக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாலை மரக் கட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. ஒருவருக்கு அம்மன் வந்து ஆட, வரிசையாக நின்றவர்களுக்குக் கட்டுச் சொன்னார், அதாவது குறி சொன்னார். எனக்கு முன் நின்ற நான்கு இளைஞர்களுக்கும் வெளிநாட்டு வழி திறக்கும் என்று வந்தது. அம்மனுக்குத் தூதரகங்களோடு நல்ல பழக்கம் போல. என் முறை வந்ததும், "நீ தூரத்திலயிருந்து பாரம் சுமந்துகொண்டு வந்திருக்கா," என்றார். வெடித்த குதிகாலும் இந்தியச் சட்டையுமாக நின்ற எனக்கு அதை யாரும் சொல்லலாம். ஆனாலும் என் கை தானாகத் தோளைத் தடவிப் பார்த்தது.

வெளியே வந்தபோது ஒருவர் வழிமறித்தார். பெயர் ரவி, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்.

"அண்ணன், நீங்க பெயிண்டராமே. நல்லம்மாக்காட மரத்துல பெயிண்ட் டப்பா ஒண்டு தொங்குதாம், பெடியன்கள் கண்டவங்க. வாசல் தூணைப் பாத்தீங்களா, அப்பிடியே உரிஞ்சு கிடக்கு. நாளைக்குத் தீமிதிப்பு. ஒரு கோட் அடிச்சுத் தந்தீங்கண்டா அம்மன் குறைவிடமாட்டா."

"அது இறுகிப்போச்சு," என்றேன்.

"தின்னர் ஊத்துவம்."

"நிறம் சரியில்ல."

"என்ன நிறம்?"

"சாம்பல்."

"தூணுக்குக் கீழ்ப்பக்கம் அடிக்கலாம். அழுக்குத் தெரியாது."

"இல்லீங்க, அது ஒருத்தருக்குன்னு கொண்டுவந்தது."

"அம்மனை விடப் பெரிய ஆளா அவரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் படித்த படிப்பு போதாது. மாலைக்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. கிணற்றடியில் நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"இந்தியாக்காரன் அம்மனுக்கு ஒரு டப்பா பெயிண்ட் குடுக்கமாட்டானாம் கா."

"கோயில் கட்டுற நாடெண்டு பேருதான்."

நான் தலையில் இன்னொரு வாளி ஊற்றிக்கொண்டேன். ரவியும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கே வந்தார்கள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் கிளையை எட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கிவிட்டார். டப்பா திறந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்தது. தீமிதிப்பும் இல்லை, நேர்த்தியும் இல்லை. நான் ஓடி வருவதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆரது மரத்துல கை வைக்கிற?"

"நாங்கதான் அக்கா. இந்தப் பெயிண்டை..."

"அது என்ட சாமான். நான்தான் கொண்டரச் சொன்ன. கையை எடு தம்பி."

"அம்மன் காரியம் அக்கா."

"அம்மனோட நான் பேசிக்கொள்ளுறன். எனக்கும் அவக்கும் கனநாள் கதை கிடக்கு."

கையை எடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சிரட்டையில் தண்ணீரை மாற்றிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தீக்குழி சிவந்து கிடந்தது. பத்தடிக்கு அப்பால் நின்ற எனக்கே முகம் காய்ந்தது. உடம்பில் இருக்கும் நெருப்பும் குழியில் இருக்கும் நெருப்பும் சொந்தக்காரர்கள், துடக்கு இல்லாத உடம்பை நெருப்பு அடையாளம் கண்டு விட்டுவிடும் என்று பூசாரியார் விளக்கினார். குழியின் ஓரத்தில் வழுக்கி ஒரு தொண்டருக்குக் குதிகால் வெந்தபோது, அவர் வீட்டில் யாரோ ஒளித்து மீன் தின்றிருப்பார்கள் என்று உடனே தீர்ப்பானது. நான் அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கூடப்பிறந்தவர் செத்து மூன்று மாதம். நெருப்புக்கு அது தெரியுமா, அல்லது அதன் காதிலும் இன்னும் விழவில்லையா என்பதுதான் என் கவலை. பறை உரத்தது. அக்கா தலையில் கும்பத்தோடு இறங்கினார். ஓடவில்லை. சந்தைக்குப் போகிறவர்போல எட்டு எட்டில் நடந்து, அந்தப் பக்கம் மஞ்சள் தண்ணீரில் காலை வைத்தார். ஆவி எழும்பியது. அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது உள்ளங்காலைப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. அம்மனும் கேட்காத பாவனைதான்.

மறுநாள் காலை கோயிலில் காப்பு அவிழ்த்தார்கள். சுதன் ஓட்டோவில் வந்து சேர்ந்திருந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அம்மா வந்து உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, மாமாட விசயமா ஒரு சின்னக் கதை..."

"நீ பொறு மகன். மூணு மாசம் மூடிக் கிடந்த வாய், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. என்ட காதுல விழுற மாதிரிச் சொல்லு."

"அக்கா," என்றேன், "கனகு அண்ணன் மாசி மாசம் இறந்துட்டார்."

"ஓம்," என்றார்.

பிறகு வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. மூன்று மாதம் ஒரு மெலிந்த உடம்புக்குள் எங்கே இருந்ததோ. பதிவாளர் சொன்ன ஐந்து சாமானில் அதற்கு இடமில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் முன்பு என்னைக் கஞ்சன் என்றவர்களும் அதில் இருந்தார்கள்.

ஓய்ந்ததும் சுதன் கேட்டான், தரையைப் பார்த்தபடி. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மாமாட போன் பழுதெண்டு நீ சொன்ன அண்டைக்கே. பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும், சின்னதுல இருந்து."

"மறுகா ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீ சொல்லிருப்பா. சொன்னா துடக்கு. கடைசி வருசத்தை முடிக்காம விடுறதா?"

"என்ன கடைசி வருசம்?"

அக்கா மரத்தைக் காட்டினார். "அதான் வந்திட்டானே." மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். "அம்மன் செய்துபோட்டா. ஊருக்கு வந்து சேரணும் எண்டுதான் நான் கேட்ட. உயிரோட எண்டு சொல்ல மறந்துபோனன். முப்பத்தஞ்சு வருசம், ஒரு வருசமாவது அந்தச் சொல்லு என்ட வாயில வந்திருக்கலாம்."

மரத்திலிருந்து பையை இறக்கி, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே பார்த்தவர் முகம் சுருங்கியது.

"சுட்டுட்டீங்களா?"

இந்தப் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஊர் மண்ணில் போடு என்று அண்ணன் சொன்னதை நான் ஒரு பேச்சுக்கு என்று எடுத்திருந்தேன். அவர் சொன்னது அப்படியே மண்.

"அங்க இடம் இல்ல அக்கா. அகதிக்கு நெருப்புதான்."

"நான் எத்தின தரம் நெருப்புக்குள்ள போய்ச் சுடாம வந்த. அவன் ஒருக்காப் போய், இப்பிடி ஆகிட்டான்." டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, சுதனிடம் சொன்னார். "எங்கட அம்மாட குழிக்குப் பக்கத்துல வெட்டு. முழுசா வெட்டணும். ஆள் அளவு."

"அம்மா, இது ஒரு டப்பா..."

"என்ட அண்ணன் டப்பா இல்ல."

பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. சுதனும் நானும் ரவியும் போனோம். மண்வெட்டி தூக்கிய ரவி வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணலில் ஆறடி நீளம் வெட்டினோம். வெட்ட வெட்டச் சரிந்தது. வாவிக்காற்று சும்மா இருக்கவில்லை. இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் ஊறியது. மண், தண்ணீர், காற்று, மேலே ஆகாயம், டப்பாவுக்குள் நெருப்பு தின்ற மீதி. ஐந்து கொத்தனார்களும் ஒரே நாளில் வேலைக்கு வந்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"தெற்கு," என்றான் சுதன். கொஞ்சம் யோசித்து, "மாமா உயரமா?" என்றான். அவன் அவரைப் பார்த்ததே இல்லை.

"என் அளவு. அரை அங்குலம் கூட."

குழிக்குள் இறங்கினேன். சேறு படாமல் சுதன் வாழையிலை விரித்தான். தெற்கிலிருந்து தொடங்கி, டப்பாவைச் சாய்த்து, மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டே கொட்டினேன். தலை, நெஞ்சு, கால். விட்டுவிடாமல், கனக்காமல், ஒரே சீராக. கை நடுங்காமல் கோடு இழுப்பது எங்கள் தொழில். பாதத்துக்கு வரும்போது சரியாக முடிந்தது. ரவி முதல் மண்ணைத் தள்ளினார்.

திரும்பி வந்து நான் குளித்ததும் என் துடக்குத் தீர்ந்தது; சொந்தமில்லாதவனுக்கு அவ்வளவுதான். அக்காவுக்கு அன்று கணக்குத் தொடங்கியது. முப்பத்தோராம் நாள் அமுது படைக்க வேண்டும், அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து ஊரைக் கூப்பிட்டுப் போட வேண்டும். அதுவரை தங்கச் சொன்னார். மீன், இறால், நண்டு எல்லாம் உண்டாம். ஆன்மாவுக்கு முப்பத்தொரு நாள், அரசாங்கம் எனக்குக் கொடுத்த விசா முப்பது நாள், அதிலும் ஆறு நாள் போய்விட்டது. குறைகிற ஒரு வாரத்தை எங்கே ஒளிந்து கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா டப்பாவை மஞ்சளும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வேலியில் கவிழ்த்துவைத்தார்.

"தகரம் நல்லதாக் கிடக்கு. உன்ட வேலைக்கு வெச்சுக்கொள்."

மறுநாள் காலை ரவி வந்தார். கோயில் தூணுக்குப் பெயிண்ட் ஒருவழியாக வாங்கிவிட்டார்களாம், தீமிதிப்பு முடிந்த பிறகு. சடங்கு முடிந்த எட்டாம் நாள் வைரவர் பூசைக்குள் அடித்துத் தர முடியுமா, மூன்று வேளைச் சாப்பாடு கோயிலில் என்றார். ஒப்புக்கொண்டேன். பெரிய வாளியிலிருந்து சிவப்பை அந்த ஒரு லிட்டர் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பூசாரியார் டப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசியா அம்மனுக்கே குடுத்திட்டீங்க. அண்டைக்கே குடுத்திருக்கலாமே."

பக்கத்தில் ரவி தன் கையிலிருந்த பிரஷ்ஷின் மயிரை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அதில் முன்பு என்ன இருந்தது என்று பூசாரியார் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. கேட்டால்தானே துடக்கு.